விளாவாத தண்ணீர்

எங்கள் வீட்டு அடுப்படிக்குக் குழாய் வந்த அன்று அக்கா அதற்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார். அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் அல்ல, என் கணவருடைய அண்ணன் மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. "மால வாங்கலியாக்கா மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டேன். "வாய மூடிட்டு அந்தக் கொடத்த எடு" என்றார். குழாயைத் திருகியதும் முதலில் வெறும் காற்று வந்தது, பிறகு துருப்பிடித்த நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அதற்குப் பின் வந்த தண்ணீரை என் கணவர் கண்ணாடிக் கிளாசில் பிடித்து சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து மெல்லத் தெளிந்து மேலே வந்தது. வீட்டிலிருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். இப்போது குழாயில் தண்ணீர் வருவதை யார் நின்று பார்க்கிறார்கள்? வராவிட்டால்தான் பார்க்கிறார்கள்.

மலாக்கா, காஜா பேராங்கில் சடக்கிலிருந்து, அதாவது பெரிய ரோட்டிலிருந்து, சற்று உள்ளே தள்ளி, ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள் எங்களுடையவை. மலாயாவின் சுதந்திர நாள் இன்னதென்று பாடாங் மைதானத்தில் அறிவித்த வருடம் நான் கல்யாணமாகி அந்த வரிசைக்கு வந்தேன். அங்கே இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போல ரப்பர்த் தோட்டத்து லயங்களை விட்டுவிட்டு டவுனில் பிழைக்க வந்தவர்கள். கோடி வீட்டில் மட்டும் ஒரு மலாக்கா செட்டிக் குடும்பம். வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் எங்கள் பாட்டன்மார் கப்பல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே மலாக்காவுக்கு வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். விபூதி பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேசுவது மட்டும் மலாய். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு, நான் அவரைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. கேட்டால் புரியும், பேச வராது; என் மலாய் அவ்வளவுதான்.

குழாய் வருவதற்கு முன் வரிசை முழுவதற்கும் பின்கட்டில் ஒரு கிணறு. அதற்கு அந்தப் பக்கம் சந்து ஓரமாக வாளிக் கக்கூஸ்கள். காலையில் ஆள் வந்து வாளியை எடுத்துப் போவான், வராத நாளும் உண்டு, மழை நாளில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கும், இனிக்கும். கண்ணுக்குத் தெளிவாக, நாக்குக்கு இனிப்பாக இருக்கிற தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்? குழாய்த் தண்ணீரில்தான் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. கிருமியைக் கொல்ல மருந்து போட்டு அனுப்புகிறார்கள் என்று என் கணவர் சொன்னார். "மருந்து போட்டா அது மருந்து, தண்ணி இல்ல" என்று வரிசையில் தீர்ப்பு ஆகிவிட்டது. பாத்திரம் கழுவ, துணி துவைக்க, சமைக்கக் குழாய். நேராக வாயில் ஊற்றிக் குடிக்கக் கிணறு. பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் ஒருத்தி குழாய்த் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இனிமே ஜொரமே வராது எனக்கு" என்று சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான ஆள், எலும்பு உடம்பு, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எனக்கும் அப்படியே. ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் எப்படிக் குப்பை கொட்டினோம் என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கரித்துணியைக்கூடச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைப்பார். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைப்பதில் ஒரு முறை வைத்திருந்தார். மூடி படபடவென்று அடிக்க வேண்டும், அடித்த பிறகும் விறகை இழுக்கக்கூடாது, அந்தக் கொதி நின்று நிதானமாகப் பொங்க வேண்டும். அவசரப்பட்டு நான் ஒருதரம் இறக்கிவிட்டேன். திரும்ப அடுப்பில் ஏற்றிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் இருந்தபோது அக்காவுக்கு ஒரு பையன் பிறந்து, தவழ ஆரம்பித்த சமயத்தில் பேதியில் போய்விட்டான். ஆற்றுத் தண்ணீர்தான் அங்கே. அப்போதும் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தாராம். அதன் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை. இதை என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் எனக்குக் காய்ச்சல் கண்டு, எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தேன். பால் வற்றிவிட்டது. டின்னில் வருகிற பால்மாவுதான் என்று ஆனது. போத்தல் கழுவுவது, தண்ணீர் காய்ச்சுவது, பால் கரைப்பது எல்லாம் அக்கா கையில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். போத்தலைக் கொதிக்கவைப்பார், ரப்பரைக் கொதிக்கவைப்பார், கரண்டியைக்கூடக் கொதிக்கவைப்பார். குழந்தை அழுதாலும் அவர் வேகம் கூடாது. "அழட்டும், நொரையீரலுக்கு நல்லது" என்பார். நான் படுத்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்லக்கூடாது. என் பிள்ளையை என்னைவிடக் கவனமாகப் பார்க்க ஒருத்தர் இருக்கிறார் என்ற நிம்மதி.

அவ்வளவு பார்த்தும் குழந்தைக்குப் பேதி கண்டது. தண்ணீராகப் போனது. உச்சிக்குழி உள்ளே அமுங்கி, கண் குழிவிழுந்து, அழக்கூடச் சத்தில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வைத்திருந்து தேற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தாள், சிரித்தாள், சில நாளில் மறுபடியும் ஆரம்பித்தது. திரும்ப ஆஸ்பத்திரி, திரும்பத் தேறினாள். வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் அதே கதை. அந்த முறை டாக்டர் என் கணவரிடம், இன்னொரு தடவை இப்படி வந்தால் குழந்தை தாங்காது என்று சொல்லியிருக்கிறார். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, அவர் முகம் சொன்னது.

வரிசையில் பேச்சு கிளம்பியது. குழாய் வந்த பிறகுதான் இப்படி, மருந்துத் தண்ணீர் குழந்தைக் குடலுக்கு ஆகவில்லை என்று முதலில் சொன்னார்கள். ஆனால் கோடி வீட்டுச் செட்டியம்மாவின் கைக்குழந்தையும் டின்பால்தான் குடித்தது, அதே குழாய்த் தண்ணீரில். அது கொழுக்கட்டையாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. குழாய்மேல் பழி நிற்கவில்லை. அப்போதுதான் வரிசையின் நடுவீட்டுக்காரி கிணற்றடியில் வைத்து, "பெத்தத வாரிக் குடுத்தவ கை, வேற எப்படி இருக்கும்? அந்தக் கையில புள்ளைய வுடலாமா?" என்றாள். நான் பின்கதவில் நின்றேன். எனக்குப் பின்னால் அக்கா நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். நடக்கத் தெம்பில்லாத நான் கிணற்றடி வரைக்கும் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுத முடியாது. திரும்பி வந்தபோது அக்கா ஒன்றுமே நடக்காததுபோல அரிசி களைந்துகொண்டிருந்தார். "போயி படு. ஒடம்பு நடுங்குது பாரு ஒனக்கு" என்றார். அவ்வளவுதான்.

அந்த முறையும் குழந்தையைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸி எங்கள் வீட்டுக்கு வந்தார். நர்ஸை அப்போது எல்லோரும் மிஸி என்றுதான் சொல்வோம். வட்ட முகமாக, இளம் வயதில் ஒரு மலாய்க்காரப் பெண். ஆஸ்பத்திரியில் தேறுகிற குழந்தை வீட்டில் ஏன் நோகிறது என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, நேராக அடுப்படியில் போய் உட்கார்ந்தார். "எப்போதும் எப்படிப் பால் கரைப்பீர்களோ அப்படியே கரைத்துக் காட்டுங்கள், எனக்காக எதையும் மாற்ற வேண்டாம்" என்றார், மலாயில். சந்தையில் பேசுகிற பசார் மலாய் அக்காவுக்கு நன்றாக வரும். தலையை ஆட்டிவிட்டுப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார்.

அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். குழாயைத் திறந்து முதலில் வந்த தண்ணீரைப் போகவிட்டுப் பிறகு வந்ததைப் பிடித்தார். அடுப்பில் வைத்தார், காத்திருந்தார், மூடி அடித்த பிறகும் காத்திருந்தார். போத்தலைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்தார். மாவைத் தட்டி அளந்து, வெந்நீர் விட்டுக் கலக்கினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மிஸி என்னைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமான அடுப்படியை நான் காஜா பேராங்கில் பார்த்ததில்லை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா பின்னால் கைநீட்டி, மூடி வைத்திருந்த செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் போத்தலில் விட்டு விளாவினார்.

மிஸியின் கை சட்டென்று நீண்டு போத்தலைப் பிடித்தது. "அது என்ன தண்ணீர்?"

"ஆயர் பெரிகி" என்றார் அக்கா. கிணற்றுத் தண்ணீர். குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. வரிசை எழுந்திருக்கும் முன்னால், ஒருவரும் வாளி போடாத கிணற்றில் எடுத்த முதல் தண்ணீர் அது.

இதை விளக்காவிட்டால் புரியாது. எங்கள் தோட்டத்து வீடுகளில் வெந்நீரை அப்படியே யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். குளிக்கவானாலும் குடிக்கவானாலும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவித்தான் கொடுக்க வேண்டும். விளாவாத வெந்நீர் பிணத்தைக் குளிப்பாட்டத்தான். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அதைக் கொடுத்தால் ஆகாது. சூடு ஆறுவது இருக்கட்டும், அது மங்கலம் சம்பந்தப்பட்ட விஷயம். அதுவும் பச்சைக் குழந்தைக்கு விளாவாமல் கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? குழாய்த் தண்ணீரில் மருந்து, அதனால் அதில் விளாவக்கூடாது. கிணற்றுத் தண்ணீரில்தான் உயிர் இருக்கிறது. நானே செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கோடி வீட்டில் மட்டும் இந்த வழக்கம் இல்லை. அந்தம்மா வெந்நீரை மூடிவைத்துத் தானாக ஆறவிடுவார்.

விளாவுவதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அக்கா கையாலேயே செய்து காட்டினார். மிஸி எழுந்து பின்கதவு வழியாகப் போய்க் கிணற்றைப் பார்த்தார், கக்கூஸ் வரிசையைப் பார்த்தார். திரும்பி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். திட்டவில்லை. குழாயில் வருவது வடிகட்டி மருந்து போட்ட நல்ல தண்ணீர், அதையும் நீங்கள் கொதிக்கவைத்தீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கடைசியில் விட்ட அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்றார். கிணற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் கக்கூஸ் இருந்தால் மண்ணுக்கடியில் ஊறி வரும் என்றார்.

"கொஞ்சந்தான் வுட்டேன், மிஸி" என்றார் அக்கா.

"ஒரு கரண்டி போதும்."

அக்கா அந்தச் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ஆத்துத் தண்ணியும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று மிஸிக்கு எப்படித் தெரியும்? "கொதிக்காத எந்தத் தண்ணீரும்" என்று சொல்லிவிட்டு, போத்தலில் இருந்த பாலைக் கீழே கொட்டினார். எனக்குத் தெரிந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் எழுந்து செம்பிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்ப முதலிலிருந்து தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். கொதித்தது. இறக்கி, மூடி, குழாய்த் தண்ணீர் நிரப்பிய சட்டியில் பாத்திரத்தை இறக்கி ஆறவைத்தார். மிஸி காட்டிய வழி அது.

விளாவாத தண்ணீரில் கரைத்த பாலைக் குழந்தை குடித்தாள். முதல் நாள் எனக்கு உள்ளூர உதறல்தான். சாவுக்கு ஊற்றுகிற தண்ணீரைக் குழந்தை வாயில் விடுகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்காவுக்கும் அடித்துக்கொண்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. மெல்லப் பேதி நின்றது. முகத்தில் சதை வைத்தது. ஒரு நாள் பசி பொறுக்காமல் அவள் போட்ட கூச்சல் சடக்கு வரை கேட்டது, அந்தக் கூச்சலைக் கேட்டு நான் அழுதேன். திரும்ப ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவில்லை.

விஷயம் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தது. நான் அக்காவிடம் சொன்னேன்: "இது நம்மளோட இருக்கட்டும்க்கா. நாம விளாவாம இருந்தாப் போதும். அவளுக வாயில எதுக்கு வுழணும்? ஏற்கெனவே கையப் பத்திப் பேசுனவளுக." அக்கா போத்தலை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். சம்மதம் என்றே நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெண்கள் எல்லாம் கிணற்றடியில் கூடியிருந்தார்கள். துவைக்கிறவர்கள், தண்ணீர் இறைக்கிறவர்கள், சும்மா வாய் பார்க்கிறவர்கள். அக்கா என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து நேரே அங்கே போனார். நானும் பின்னால் ஓடினேன். நடுவீட்டுக்காரி துவைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கும் ஒரு பையன் இருந்தான், எந்நேரமும் வயிறு சரியில்லாமல் நை நை என்று அழுகிற பிள்ளை. பல்லு முளைக்கிற பேதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கையில புள்ளைய வுடலாமான்னு கேட்டியே" என்றார் அக்கா.

நடுவீட்டுக்காரி கையிலிருந்த துணியைக் கல்மேல் போட்டாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து, "வாங்கக்கா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். கையை உதறினார்.

"சரியாத்தான் கேட்ட. இந்தக் கைதான். ஆனா நீ நெனைக்கிற மாதிரி ராசி கெட்ட கை இல்ல. பாத்துப் பாத்துக் காச்சுன தண்ணியில இந்தக் கெணத்துத் தண்ணிய வுட்டு வெளாவுன கை." பிறகு மிஸி வந்ததையும், பார்த்ததையும், சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். சமையல் பக்குவம் சொல்கிற குரலில் சொன்னார், ஏற்ற இறக்கமே இல்லை. குழந்தையைத் தூக்கி அவர்கள் முன்னால் காட்டினார். "வெளாவுறத நிறுத்துனோம். இப்பப் பாருங்க."

கூட்டத்தில் வயதான ஒருத்தி, "காலங்காலமா வெளாவித்தானேம்மா குடுக்கறோம்" என்று இழுத்தாள்.

"ஆமா. காலங்காலமா பொதைக்கவுந்தான் செய்யறோம்."

ராட்டினத்திலிருந்து கயிறு நழுவி வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

"எம்மவனுக்கும் காச்சித்தான் குடுத்தேன்" என்றார் அக்கா. அந்தப் பையனைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது. "காச்சி, ஆத்துத் தண்ணி வுட்டு வெளாவி, நானேதான் வாயில ஊத்துனேன். வேணாம்னு சொல்ல அப்ப ஆளு இல்ல. ஒனக்கு நான் சொல்றேன். ஒம்புள்ளைக்கு வெளாவாத."

நான் எத்தனையோ பேர் தைரியத்தைப் பார்த்திருக்கிறேன். அடிதடிக்குப் போகிறவர்களை, தௌக்கே முதலாளியை எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னை இழிவாகப் பேசியவளுடைய பிள்ளை பிழைக்க வேண்டும் என்று, அந்தப் பேச்சுக்குத் தன் வாயாலேயே சாட்சி சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

நடுவீட்டுக்காரி அழ ஆரம்பித்தாள். "அழுவாத. எந்திரி. புள்ளைக்குப் பால் கரைக்கிற நேரம்" என்றார் அக்கா. என் மகளை என் கையில் கொடுத்துவிட்டு அவளுக்கு முன்னால் அவள் வீட்டுக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். செம்பிலிருந்த தண்ணீர் அங்கணத்தில் போனது, குழாய் திறந்தது, அடுப்பு எரிந்தது. ஒரு பலகையை இழுத்துப் போட்டு அக்கா அந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் கொதித்து, இறக்கி, தானாக ஆறும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.